மைதானத்தைப் பூட்டிய கனவான்கள்

பெண்கள் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது நேற்று முளைத்த ஆட்டம்தானே!" என்று சிரிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நேற்று முளைத்ததாம்! முளைத்ததைக் கிள்ளிப் போட்டவர்கள் யார் என்று கேட்டால் மட்டும் அவர்களுக்குச் சரித்திரம் மறந்துபோகிறது.

1920ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி, லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். ஆடியது, யுத்த காலத்தில் ப்ரெஸ்டன் தொழிற்சாலைப் பெண்களைக் கொண்டு உருவான 'டிக் கெர்' குழு. எதிரே செயின்ட் ஹெலன்ஸ் குழு. ஒரு வருஷம்கூட முடியவில்லை. 1921 டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக் கனவான்கள் கூடினார்கள். இந்த ஆட்டம் பெண்களுக்கு உகந்ததல்ல, எந்தக் கிளப்பும் அவர்களுக்கு மைதானம் கொடுக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். வசூலில் தர்மத்துக்குப் போகிற பங்கு போதவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு வேறு! பெண்ணின் உடம்பைப் பற்றி இத்தனை கரிசனம் கொண்டவர்கள், அதே பெண்கள் யுத்தத் தளவாடம் செய்துகொண்டிருந்தபோது எங்கே போயிருந்தார்கள்?

பூட்டு ஏறத்தாழ ஐம்பது வருஷம் தொங்கியது. 1961இல், பதின்மூன்று வயதில், ஷீலா பார்க்கர் என்ற சிறுமி அந்தப் பழைய டிக் கெர் குழுவில் வந்து சேர்ந்தபோதும் தடை இருந்தது. 1965இல் குழுவே கலைந்துபோயிற்று. அவர் ஆட்டத்தை விடவில்லை.

1972 நவம்பர் 18ஆம் தேதி, ஸ்காட்லாந்திலுள்ள கிரீனாக்கில் இங்கிலாந்துப் பெண்கள் அணி தன் முதல் அதிகாரபூர்வமான ஆட்டத்தை ஆடியது. காப்டன், ஷீலா பார்க்கர். ஸ்காட்லாந்து இரண்டு கோல் முந்தியது. இங்கிலாந்து 3–2 என்று ஜெயித்தது. இதே இரு நாட்டு ஆண்கள் முதன்முதலாக ஆடியது 1872 நவம்பர் 30. நூறு வருஷத்துக்குப் பன்னிரண்டே நாள் குறைவு! பெண்களுக்கு ஆசை பிறக்க நூறு வருஷம் ஆயிற்று என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும்.

தேசத்துக்காக ஆடுகிறவர்களுக்குத் தொப்பி கொடுப்பது அந்த ஊர் வழக்கம். இந்தப் பெண்களுக்குப் பெரிய சங்கம் தொப்பி கொடுக்கவில்லை. 1969இல் பெண்கள் தாங்களே தொடங்கிய சங்கத்தின் நிர்வாகி ஃப்ளோ பில்டன் தம் கையாலேயே தொப்பிகளைத் தைத்தார். எனக்கு அந்தக் கைத்தையல்தான் பெரிதாகப் படுகிறது. பார்க்கர் 1976 வரை தலைமை தாங்கினார். பிறகு கேரல் தாமஸ் வந்தார்.

பெரிய சங்கத்தின் தொப்பி வந்தது 2022இல், ஐம்பது வருஷம் கழித்து. அதைக் 'கௌரவம்' என்கிறார்கள். வாங்கிய கடனை வட்டியில்லாமல் திருப்பிக் கொடுப்பதற்கு நம் ஊரில் அந்தப் பெயர் கிடையாது.

தடைக்கான மன்னிப்பு மட்டும் சற்று முந்தி, 2008இல் வந்தது. டிக் கெர் குழுவின் பெரிய ஆட்டக்காரி லில்லி பார் 1978இலேயே கண்ணை மூடிவிட்டார்.