ஊட்டியில் பனி பொழியவில்லை

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் கடைசியிலோ பொங்கலை ஒட்டியோ ஒரு நாள் காலையில் அந்தப் படம் வந்துவிடும். புல்தரை வெள்ளை வெளேரென்று கிடக்கும். நிறுத்தி வைத்த காரின் மேல் யாரோ விரலால் ஒரு இதயம் வரைந்திருப்பார்கள். பக்கத்தில் குல்லாய், ஸ்வெட்டர், மப்ளர் சகிதம் ஒரு குடும்பம், கையில் ஒரு பிடி வெள்ளை. மேலே தலைப்பு: "மினி காஷ்மீரானது ஊட்டி!" உள்ளே நாலு வரி. பூங்காவில் இத்தனை டிகிரி, தலைகுந்தாவில் பூஜ்யம், அவலாஞ்சியில் மைனஸ். பனிப்பொழிவைக் காண சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர். இடம் மிச்சமிருந்தால் கடைசியாக ஒரு வரி: தேயிலைச் செடிகள் கருகும் அபாயம்.

அந்தக் கடைசி வரிதான் செய்தி. மற்றதெல்லாம் விளம்பரம்.

முதலில் ஒன்றைப் போட்டு உடைத்துவிடலாம். ஊட்டியில் பனி பொழிவதில்லை. பொழிந்தால்தானே பொழிவு? மேகத்துக்குள்ளேயே பனிப் படிகம் உருவாகி, உருகாமல் தரை வரை வந்து சேர்ந்தால் அது பனிப்பொழிவு. குளிர்காலத்தில் குல்மார்க்கில் நடப்பது அது. தலைகுந்தாவில் நடப்பது வேறு. மேகமே இல்லாத, காற்றும் அசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு விறைத்துப் போகிறது. அதன்மேல் படும் காற்றின் ஈரம் புல் நுனியிலேயே பனிக்கட்டியாகப் படிகிறது. இதற்குப் பெயர் உறைபனி. மேலிருந்து எதுவும் விழவில்லை. சொல்லப்போனால் மேகம் வந்தால் உறைபனி வராது. போர்வை மாதிரி மேகம் மூடிக்கொண்டு சூட்டை வெளியே விடாது.

"ஊட்டி அவ்வளவு உயரமாச்சே, ஒரு நாளாவது விழாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஸ்ரீநகரோ சுமார் 1,600 மீட்டர்தான். ஆம், காஷ்மீரின் தலைநகரைவிட ஊட்டி 600 மீட்டருக்கு மேல் உசரம்! ஆனால் ஸ்ரீநகர் பூமத்திய ரேகையிலிருந்து 34 டிகிரி வடக்கே இருக்கிறது, ஊட்டி 11 டிகிரியில். தமிழ்நாட்டின் தலைக்கு மேல் காற்று பூஜ்யம் டிகிரியைத் தொட வேண்டுமென்றால் ஏறக்குறைய 4,500, 5,000 மீட்டர் வரை ஏற வேண்டும். மேகத்தில் பனிப் படிகம் உருவானாலும் தொட்டபெட்டாவின் உச்சியைத் தொடுவதற்கு ரொம்ப முன்னாலேயே அது மழைத்துளி ஆகிவிடும். எப்போதாவது ஆலங்கட்டி மழை பெய்து ரோடெல்லாம் வெள்ளையாகும். அன்றைக்கும் "ஊட்டியில் பனிப்பொழிவு" என்று வீடியோ சுற்றும். அது வேறு கதை.

இதில் தமிழுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. புல் மேல் உட்காரும் நீர்த்துளியும் பனி, சாலையை மறைக்கும் புகை மாதிரியானதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. மார்கழி, தையை முன்பனி என்றும் மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் பிரித்த பழைய ஆட்கள், கொட்டுகிற பனியைப் பார்த்தவர்கள் அல்ல. ஆனாலும் நீலகிரியில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. மழைக்காலம் முடியும்போது விழுவதை நீர்ப்பனி என்பார்கள். பிறகு வருவது உறைபனி. கண்ணை மறைப்பது மூடுபனி. மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. அடைமொழியைக் கழற்றிவிட்டு வெறும் 'பனி' என்று எழுதி, பின்னால் ஒரு 'பொழிவு' சேர்த்தது கீழ்நாட்டுச் செய்தி மேஜைகள்தான். டொரொண்டோவில் இருக்கும் தமிழர்கள் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று பேச்சில் 'ஸ்னோ' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சரி, பெயரில் என்ன இருக்கிறது, விட்டுத் தள்ளலாம் என்றால் அடுத்தது அந்த டிகிரி. அங்கேதான் உண்மையான மோசம்.

வானிலைத் துறை வெப்பநிலையை எடுப்பது தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானியில். உலகம் முழுக்க அதுதான் முறை, அதில் தப்பில்லை. ஆனால் தெளிவான, காற்றில்லாத இரவில் புல் மட்டத்தில் வெப்பம் அதைவிட மூன்று, நான்கு டிகிரி கீழே போய்விடும். அதனால்தான் பெட்டி 3 டிகிரி காட்டும் காலையிலும் புல் வெள்ளையாக இருக்கிறது. தேயிலைச் செடி என்ன பெட்டிக்குள்ளா நிற்கிறது? கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாம் தரையோடு தரையாகத்தான் கிடக்கின்றன. போதாததற்குக் குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டுத் தோட்டம் தப்பித்துவிடும், நூறடி கீழே இருக்கும் தோட்டம் வெந்துபோகும். இப்படிப்பட்ட மலையில் 'ஊட்டி: 3 டிகிரி' என்ற ஒற்றை எண் யாருக்கு உதவும்? ஸ்வெட்டர் எத்தனை எடுத்துப் போவது என்று யோசிக்கும் கோயமுத்தூர்க்காரருக்கு உதவும். அவ்வளவுதான்.

செய்திகளில் 'மைனஸ்' என்று வருவது பெட்டியில் எடுத்ததா, புல்லில் எடுத்ததா, இல்லை யாரோ காருக்குள் வைத்திருந்த கருவியில் பார்த்ததா? எவரும் சொல்வதில்லை. இரண்டு வெவ்வேறு உயரத்தில், இரண்டு வெவ்வேறு கருவியில் எடுத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு "அவலாஞ்சியில் கடும் குளிர்" என்று எழுதினால் அது ஒப்பீடே அல்ல. (அவலாஞ்சி என்ற பெயரைப் பார்த்து அங்கே ஒரு காலத்தில் பனிச்சரிவு நடந்தது என்று நம்புகிறவர்களும் உண்டு. 1820-களில் நடந்த பெரிய மண்சரிவால் வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. அந்த ஊரை மிரட்டுவது மழை. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது அங்கேதான்.)

நிஜமாகவே பனி கொட்டுகிற ஊர்களில் தினசரி அறிக்கை எப்படி இருக்கும் தெரியுமா? பனிச்சறுக்கு விளையாட்டு நடக்கும் இடங்களில் காலையில் எழுந்ததும் பார்ப்பது அதைத்தான். அடிவாரத்தில் எவ்வளவு ஆழம், உச்சியில் எவ்வளவு, கடந்த 24 மணி நேரத்தில் புதிதாக விழுந்தது எவ்வளவு, காற்று எவ்வளவு, எந்தச் சரிவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது. பனிச்சரிவு ஆபத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை அளவு வைத்திருக்கிறார்கள். இமயமலையில் அந்த எச்சரிக்கையைத் தருவது ராணுவ ஆராய்ச்சித் துறையின் கீழ் வரும் நிறுவனம். காரணம் எளிது. எண் தப்பானால் ஆள் செத்துப்போவான். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் பனிச்சரிவில் சிக்கி ஒரு வெளிநாட்டுப் பயணி இறந்ததும் நடந்தது.

அங்கேயும் எல்லாரும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பொருளாதார ஆசிரியர்கள் ஜோனதன் ஜின்மன், எரிக் ஜிட்ஸ்விட்ஸ் இருவரும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பனிச்சறுக்கு விடுதிகள் தாங்களே அறிவிக்கும் புதுப் பனியின் அளவை அரசாங்க அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். சனி, ஞாயிறுகளில் மட்டும் விடுதிகளின் கணக்கில் பனி 23 சதவீதம் கூடுதலாக விழுந்திருந்தது! அரசாங்கக் கணக்கில் அப்படி ஒரு வித்தியாசமும் இல்லை. வானத்துக்கு வார இறுதி தெரியாது, ஓட்டல்காரனுக்குத் தெரியும். பிறகு சறுக்க வந்தவர்களே செல்போனில் உண்மை நிலவரத்தைப் போட ஆரம்பித்ததும் அந்தப் புளுகு குறைந்துபோனது என்பது கதையின் பின்பாதி.

பனியை விற்பவனே பனியை அளந்தால் இப்படித்தான். ஊட்டியில் செல்போன் வந்து நடந்தது நேர் எதிர். அங்கே பொய்யை உடைத்த அதே சாமான், இங்கே பொய்யை ஊர் முழுக்கப் பரப்புகிறது. ஒரு ரீல்ஸ் ஓடினால் போதும். மறுநாள் விடியற்காலை கூடலூர் ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டி, புல்வெளியில் இறங்கி மிதிக்கிறார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் வெளியே ஒருவர் நிற்கிறார். அவருக்கு ஒரு ஏக்கரோ ஒன்றரை ஏக்கரோ தேயிலை. நீலகிரியில் இப்படிச் சிறு விவசாயிகள் 50 ஆயிரம் பேருக்கு மேல். பெரும்பாலும் படுகர் சமூகத்தவர். பச்சைத் தேயிலையைப் பறித்து கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ தனியார் தொழிற்சாலைக்கோ கொடுத்து, கிலோவுக்கு என்ன விலை என்று மாதா மாதம் காத்திருப்பவர். உறைபனி விழுந்த இரவில் இலைக்குள் இருக்கும் நீர் உறைகிறது. காலையில் வெயில் சுளீரென்று அடிக்கும்போது அந்த இலை தாங்காது. ரெண்டு நாளில் தீயில் வாட்டினது மாதிரி பழுப்பாகக் கருகிவிடும். கருகியதை வெட்டிவிட்டு, புதுத் துளிர் வந்து, திரும்பப் பறிக்கும் பக்குவத்துக்கு வர வாரக்கணக்கில், மோசமாக அடிபட்டிருந்தால் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அவருக்கு வருமானம் இல்லை. பறிக்கப் போகும் பெண்களுக்குக் கூலியும் இல்லை. காரின் மேல் வரைந்த இதயம் இருக்கிறதே, அதே வெள்ளைதான் இதுவும்.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. முந்தின சாயங்காலமே காய்ந்த செடி கொடிகளைப் பரப்பி இளஞ்செடியை மூடலாம். காய்கறிக்கு விடியும் முன் ஸ்பிரிங்ளரைத் திறந்து, வெயில் ஏறுவதற்குள் உறைபனியைக் கழுவி விடலாம். இரண்டுக்கும் ஆள் வேண்டும், செலவு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக முதல் நாளே தெரிய வேண்டும். காலை பேப்பரில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்?

"வானிலை மையம்தான் சொல்கிறதே" என்பார்கள். சொல்கிறது, மறுப்பதற்கில்லை. குளிர்காலத்தில் சென்னையிலிருந்து வரும் அறிக்கையில், நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளில் ஓரிரு இடங்களில் உறைபனிக்கு வாய்ப்பு என்று ஒரு வரி இருக்கும். அந்த ஓரிரு இடங்கள் எவை? எமரால்டா, பைக்காராவா, கோத்தகிரிப் பக்கமா? ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு மாதிரி உறையும் மாவட்டத்துக்கு 'ஓரிரு இடங்கள்' என்பது ஜோசியம். மேப்பில் ஒரு விரல் நகத்துக்குள் அடங்குகிற மாவட்டம் என்பதால் ஒரு வரி போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இன்னொரு கட்சியும் பேசத்தான் வேண்டும். டாக்ஸி ஓட்டுபவர், வர்க்கி விற்பவர், காட்டேஜில் ரூம் கூட்டுபவர், இவர்களுக்கெல்லாம் மே மாத சீசன் முடிந்தால் அடுத்த வரும்படி இந்த டிசம்பர், ஜனவரிதான். பனி என்று சொன்னால்தானே கூட்டம் வரும், அவர்கள் வயிற்றில் அடிக்கலாமா? நியாயமான கேள்வி. ஆனால் கூட்டம் பத்தவில்லை என்ற கவலை ஊட்டிக்கு எப்போது இருந்தது? கூட்டம் தாங்காமல்தான் 2024 மே மாதம் உயர்நீதிமன்றம் சொல்லி இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையே வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம், உறைபனியை உறைபனி என்றே சொன்னால் யாரும் வராமல் இருக்கப் போவதில்லை. விடியற்காலையில் வெள்ளைப் புல்வெளியும் அதன் மேல் முதல் வெயிலும் பார்க்கக் கொள்ளை அழகு, சந்தேகமே இல்லை. 'காஷ்மீர்' என்று நம்பி வந்துவிட்டு, எட்டு மணிக்கு எழுந்து, ஒன்றுமில்லாத ஈரப் புல்லைப் பார்த்து ஏமாந்து போகிறவர்களுக்குக்கூட நல்லதுதான். உறைபனி எட்டு மணி வரை எவனுக்கும் காத்திருக்காது.

குளிரை விளையாட்டாகக் காட்டுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குளிர் தாங்காமல் அறைக்குள் கரி அடுப்பை வைத்து, கதவு ஜன்னலை அடைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடில் எழுந்திருக்காமலே போனவர்களின் செய்தி மலைப்பகுதிகளுக்குப் புதிதல்ல. 'ஜில்லென்று மாறிய ஊட்டி' என்று எழுதும் கை, 'அடுப்பை அறைக்குள் வைக்காதீர்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புல் மட்டத்தில் வைக்கும் வெப்பமானி ராக்கெட் இல்லை. தலைகுந்தா, எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா, கேத்தி, கோத்தகிரி என்று அடிபடும் பள்ளங்கள் எவை என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாலே விரல் விட்டுச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்திலோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வாசலிலோ ஒவ்வொன்று வைக்கலாம். தேயிலை வாரியம், 1893-இல் தொடங்கிய, குன்னூரில் இருக்கும் உபாசி, கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ், தோட்டக்கலைத் துறை என்று இந்த மலையில் அலுவலகத்துக்குக் குறைச்சலே இல்லை. மாலை ஐந்து மணிக்கு வானம் தெளிவா, காற்று நின்றுவிட்டதா, காற்றில் ஈரம் எவ்வளவு, இந்த மூன்றையும் பார்த்தால் அன்றிரவு எந்தப் பள்ளம் உறையும் என்று ஓரளவு சொல்லிவிட முடியும். அதை ஊர் பெயரோடு ஏழு மணிக்குள் செல்போனுக்கு அனுப்பினால் போதும். பத்து வருஷம் அந்தப் புல்மட்ட எண்ணைச் சேர்த்து வைத்தால் இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைக்கும். "வழக்கத்துக்கு மாறாக இந்த ஆண்டு உறைபனி தாமதம்" என்று வருஷா வருஷம் எழுதுகிறார்களே, வழக்கம் என்பது எது?

இப்போதைக்கு அந்த ஒரு ஏக்கர்க்காரரிடம் இருக்கும் வானிலை மையம் அவருடைய வீட்டுத் திண்ணைதான். சாயங்காலம் வெளியே வந்து நிற்பார். நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறதா, யூகலிப்டஸ் இலை அசைகிறதா என்று பார்ப்பார். அசையவில்லை என்றால் மகனைக் கூப்பிட்டு, செடியை மூட ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். அதே நேரத்தில் கீழே மேட்டுப்பாளையத்தில் ஒரு வேன் மலை ஏற ஆரம்பித்திருக்கும், காலையில் 'ஸ்னோ' பார்க்க.