சீட்டில் இல்லாத மலை

தேசியப் பல்லுயிர் ஆணையம் 2025 ஏப்ரல் 29 அன்று அறிவிக்கை செய்த பயன்பகிர்வு ஒழுங்குமுறைகளைப் பற்றி நம் இதழின் நிலை என்ன என்று ஆய்வகத்தார் பலர் கேட்டுவிட்டார்கள். வரவேற்கிறோம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை விலக்கு, 250 கோடியைத் தாண்டினால் 0.6 விழுக்காடு. இந்த விகிதங்களோடு நமக்குச் சண்டையில்லை. டிஎஸ்ஐ, அதாவது எண்முறை வரிசைத் தகவலும் வளையத்துக்குள் வந்திருப்பதுதான் முக்கியம்.

இது முதலில் உறைக்கப்போவது சிலந்திப் பட்டுக்காரர்களுக்கு. ஒன்றையொன்று தின்னும் பிராணியைப் பண்ணையில் வளர்க்க முடியாது என்பதால் இத்துறை தொடக்கத்திலிருந்தே மரபணு வரிசையின் எழுத்துகளை நம்பி நடக்கிறது. 1990-இல் ஷூ, லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் சிலந்திப் பட்டுப் புரதமான மாஸ்ப்1-இன் வரிசையில் ஒரு பகுதியை வெளியிட்டார்கள். 2010-இல் வேறொரு குழு ஈ.கோலையின் கிளைசின் டிஆர்என்ஏ இருப்பைக் கூட்டி 284.9 கிலோடால்டன் புரதத்தையே எடுத்துவிட்டது. இன்று மரபணுவைத் தபாலில் வரவழைக்கலாம். கோடானை மாற்றி, மறுநிகழ் அலகைச் சுருக்கி, பாலிஅலனைனை நீட்டிய பிறகு அது எந்தச் சிலந்தியுடையது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இனத்தையாவது ஊகிக்கலாம். ஊரை? வரிசைத் தரவுத்தளங்களில் நாட்டின் பெயர் கட்டாயம். ஊர் உங்கள் விருப்பம். குறிப்பிட்ட ஊரோ குழுவோ தெரியாவிட்டால் பயன்பகிர்வுப் பணம் தேசியப் பல்லுயிர் நிதியத்திலேயே தங்கும். மலைக்கு ஏறாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து பீமன் மடவுக்குப் போகும் வழியில், முகத்துக்கு நேரே ஒரு நெஃபிலா வலை. மஞ்சள் இழை வெயிலில் மின்னியது. கூட வந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர் குச்சியால் ஓர் இழையை மெல்லத் தூக்கிப் பிடித்து, "அறுத்துடாதீங்க சார், குனிஞ்சு வாங்க" என்றார். பெண் சிலந்தி ஒன்றைச் சாராயக் குப்பியில் இட்டு, ஊர், ஓடை, தேதி, வழிகாட்டியவர் பெயர் எல்லாம் பென்சிலால் எழுதிச் சீட்டையும் உள்ளே போட்டேன். வாங்கிக்கொண்ட நிறுவனத்தின் பதிவில் பிறகு பார்த்தால் ஒரே சொல்: இந்தியா. கேட்டதற்கு, படிவத்தில் இடமில்லையாம்.

அதே மலைத்தொடரில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வானாய்வகத்திலிருந்து 1988-இல் கண்டுபிடித்த 4130 ராமானுஜன் என்ற குறுங்கோளுக்குக் கண்டுபிடித்த இடம் காவலூர் என்றே உலகப் பதிவில் நிற்கிறது. வானத்துக் கல்லுக்குக் கிடைத்த ஊர்ப்பெயர் வாசற்படிச் சிலந்திக்குக் கிடைக்கவில்லை!

ஊர்மட்டப் பதிவுக்கென 2002 பல்லுயிர்ச் சட்டம் கேட்ட பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளும், மாதம் 10 லட்சம் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்த பிறகுதான் பல மாநிலங்களில் அவசர அவசரமாக முளைத்தன. அப்படி எழுதிய பதிவேட்டில் சிலந்திக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருப்பார்கள்? டிஎஸ்ஐக்கு விகிதம் குறிக்கத் தெரிந்தவர்கள், வரிசையோடு ஊர்ப்பெயரும் வரவேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

துல்லிய இடம் கொடுத்தால் சேகரிப்பு வியாபாரிகளுக்கு வழிகாட்டும் என்பார்கள். நியாயம்தான். அட்சரேகை வேண்டாம், ஊராட்சியின் பெயர் போதும். அடுத்த இதழிலிருந்து அது இல்லாத வரிசைக் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்பமாட்டோம்.