ஒரே பீடம், இரண்டு கல்லறை

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பக்தி பொங்கும். வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை, சுத்த போசனம், தியானக் கூட்டத்தில் கண்ணீரோடு சாட்சி. எதையும் நான் குறை சொல்லவில்லை, நானும் போகிறவன்தான். ஆனால் ஒருவர் மெய்யான கிறிஸ்தவரா என்று அறிய இவை அளவுகோல் அல்ல என்பது என் கட்சி. அவர் எந்த வீட்டில் கை நனைப்பார், எங்கே பெண் எடுப்பார், செத்தபின் யார் பக்கத்தில் படுக்கச் சம்மதிப்பார்? அதைப் பார்த்தால் போதும்.

இப்படிச் சொன்னவுடன் ஒருவர் எழுந்துவிடுவார். "சாதி ஊர் வழக்கம் ஐயா, அதற்கும் வேதத்துக்கும் சம்பந்தமில்லை" என்பார். அவர் கலாத்தியர் நிருபம் 2-ஆம் அதிகாரத்தை ஒருமுறை படிக்கட்டும். அந்தியோக்கியாவில் யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு (நம் காலத்து ஆட்களுக்கு இராயப்பர்), எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்துபோய் விலகிக்கொண்டார். அதைப் பவுல் எல்லார் முன்பாகவும் கண்டித்தார். பேதுரு வேதத்தை மறுதலிக்கவில்லை, செபத்தை விடவில்லை. பந்தியை விட்டு விலகினார், அவ்வளவுதான். அதுவே நற்செய்திக்கு ஒவ்வாதது என்று பவுல் சொன்னார்.

நம் தென்மாவட்டக் கதைக்கு வருவோம். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அரண்மனை உத்தியோகஸ்தர், மேல்சாதிக்காரர். ஆனாலும் எல்லாரோடும் சமமாகப் பழகினார். 1752-இல் காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 127 ஆண்டு கழித்து, 1872-இல் நாம் எப்படிக் கோவில் கட்டினோம் தெரியுமா? கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு மண்டபம், சேரும் இடத்தில் ஒரே பீடம். வேளாளர் ஒரு பக்கம், நாடாரும் மற்றவர்களும் மறுபக்கம். பூசை ஒன்று, சாமியார் ஒருவர், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை! கொத்தனாரின் திறமையை மெச்சத்தான் வேண்டும். 1910-இல் கௌசானல் சுவாமி அந்தத் தடுப்பை இடித்தபோது, சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டு உயர்நீதிமன்றம் வரை போனவர்களும் செபமாலை சொல்கிறவர்கள்தான்.

2022 மே 15-இல் ரோமையில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். பெயரிலிருந்து 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் முன்னதாகவே எடுத்துவிட்டது. நம் ஊரில் அதற்கும் வருத்தப்பட்டவர்கள் உண்டு.

வரன் தேடும் விளம்பரங்களைப் பாருங்கள். ஆர்.சி. என்று போட்டு, பக்கத்திலேயே சாதியும் இருக்கும். அதே சாதி இந்துப் பெண்ணாக இருந்தால் பரவாயில்லை, ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ளலாம். வேறு சாதிக் கிறிஸ்தவப் பெண், நாலு தலைமுறையாகக் கோவிலுக்குப் போகிற குடும்பம் என்றாலும் ஆகாது. இதைச் சொல்கிறவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆகஸ்ட் 10-ஐ ஆண்டுதோறும் கறுப்பு தினமாக அனுசரிக்கிறோம். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், தலித் கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அநியாயம்தான், கோரிக்கை நியாயம்தான். மதம் மாறியும் சாதிக் கொடுமை தீரவில்லை என்பதுதானே அங்கே நம் வாதம்? கோவிலுக்குள் அந்தக் கொடுமையைச் செய்கிறவர் யார்? டெல்லியில் "இருக்கிறது" என்று சத்தியம் செய்துவிட்டு, பங்குப் பேரவையில் "நம் ஊரில் அப்படியெல்லாம் இல்லை" என்கிறோம்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. மழையில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எடுத்துக் கட்ட வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் வரி போட்டிருக்கிறார்கள். வெளிச்சுவருக்கு ஆயிரம் தருகிறேன், நடுச்சுவருக்கு ஒரு பைசா கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இதுவரை என்னைத் தவிர மூன்று வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.