படம் போடும் பிள்ளையை அடிக்காதீர்கள்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களைப் பாருங்கள். முன்னால் காய் குவிந்து கிடக்கும். கை ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல பச்சைக் காய் ஒரு பக்கம் போகும். வெளிறிய காய் இன்னொரு பக்கம் போகும். வெடித்த காய் தனியே விழும். பச்சை குறைந்தால் விலையும் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரே பச்சையில் இத்தனை பச்சையைப் பிரித்துப் பார்க்கும் கண், ஓவியனின் கண் அல்லவா?

அந்தத் தாயின் மகன் வீட்டில் என்ன செய்கிறான்? நோட்டின் கடைசிப் பக்கத்தில் போடிமெட்டு மலையை வரைகிறான். வளைந்து ஏறும் ரோட்டையும், ஜீப்பையும் போடுகிறான். தாய் பார்த்து விடுகிறாள்.

"கணக்குப் போடச் சொன்னா, கிறுக்கிக்கிட்டா இருக்கே?"

முதுகில் ஒன்று விழுகிறது.

இது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கீராம்பூர்ச் சிறுவன்

துறையூருக்கு அருகில் கீராம்பூர் என்று ஒரு கிராமம். அங்கே 1938-ல் பிறந்தவர் ஆதிமூலம். படம் போடும் ஆசையோடு சென்னைக்குப் போனார். சிற்பி தனபால் வழிகாட்டினார். அரசு ஓவியக் கல்லூரியில் படித்து, 1966-ல் முடித்தார். அந்தக் கல்லூரி, 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது.

முதலில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை வெறும் கறுப்புக் கோடுகள். 1969-ல் காந்தி நூற்றாண்டு வந்தது. அதையொட்டி, காந்தியைச் சுமார் 100 படங்களில் வரைந்தார். ஒரே மனிதரை நூறு முறை வரைந்தால் கை எப்படிப் பழகும், எண்ணிப் பாருங்கள்!

பிறகு பெருமை இழந்த ராஜாக்களை வரைந்தார். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்குப் படம் போட்டார். அப்புறம் கோட்டை விட்டு வண்ணத்துக்குப் போனார். அந்தப் படங்களில் ஆள் இல்லை, வீடு இல்லை. ஆனால் பார்ப்பவருக்கு நிலமும் வானமும் நினைவுக்கு வரும். 2008-ல் காலமாகும் வரை அவர் கை ஓயவில்லை.

பாட்டி வீட்டுப் பெண்

கடல் கடந்தும் ஒரு கதை உண்டு. போர்ச்சுகல் நாட்டில் 1935-ல் பிறந்தவர் பவுலா ரேகோ. சின்ன வயதில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். பெரியவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டார். வளர்ந்தபின் அந்தக் கதைகளே படங்களாயின.

அவர் வேலை செய்யும் முறை வேடிக்கையானது. துணிப் பொம்மைகள் செய்வார். நாடக மேடை போல அவற்றை உட்கார வைப்பார். பக்கத்தில் ஆளையும் நிறுத்துவார். அதைப் பார்த்து வண்ணக் குச்சியால் வரைவார். 2022-ல் லண்டனில் மறைந்தபோது உலகமே அவரை அறிந்திருந்தது.

நம் வீட்டில் பாட்டி இல்லையா? கதை இல்லையா? போடி ஜமீன் அரண்மனைச் சுவரில் இராமாயணமே சித்திரமாக இருக்கிறதே! கதையைப் படமாக்குவது நம் ஊருக்குப் புதிதா?

சோறு போடுமா?

"படம் சோறு போடுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாப் பிள்ளையும் ஆதிமூலம் ஆகிவிடாது. ஆதிமூலமே நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்தான். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்களும், பாத்திக் துணி செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள். கை வேலை தெரிந்தவன் பிழைத்துக் கொள்வான்.

அப்படி ஆகாவிட்டாலும் நஷ்டம் இல்லை. உற்றுப் பார்க்கவும், பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்யவும் ஓவியம் கற்றுத் தருகிறது. கணக்குக்கும் அதுதானே வேண்டும்?

பள்ளிக்கூடமும் யோசிக்க வேண்டும். 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவிய ஆசிரியர்களை எடுத்தபோது, பகுதி நேரமாகத்தான் எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை! கணக்கு வாத்தியாரை அப்படி வைப்போமா? ஓவியத்துக்கும் முழு நேர ஆசிரியர் வேண்டும்.

அதுவரை நாம் என்ன செய்வது? கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கணக்கை முடித்தபின் அரை மணி நேரம் கொடுங்கள். வரைந்ததைக் காட்ட வந்தால், கை வேலையை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

"மலை இந்தப் பச்சை இல்லையேப்பா, இன்னும் கொஞ்சம் கறுத்த பச்சை" என்று சொல்லுங்கள். ஏலக்காய் பிரிக்கும் தாயை விட அதை நன்றாகச் சொல்லிக் கொடுக்கும் குரு யார்?