தவளையை எங்கே எறிகிறீர்கள்?

இந்த வாரம் பத்தியில் கொஞ்சம் மீன் வாசம் அடிக்கும். சைவர்கள் பொறுத்தருள வேண்டும். சண்டை மீன் சாப்பிடுவதைப் பற்றி அல்ல, பிடிப்பதைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ புதுக்கோட்டைப் பக்கம் போகும் பைக்குகளின் பின்னால் நீளமாக ஒரு பை ஆடிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட் மட்டை இல்லை, தூண்டில். தாத்தா காலத்து மூங்கில் கழி, தக்கை, மண்புழு சமாசாரமும் இல்லை. கார்பன் ஃபைபர் ராடு, பால்பேரிங் ரீல், தங்கூஸுக்குப் பதிலாகப் பின்னல் நரம்பு, அப்புறம் ஒரு டப்பா நிறைய பொம்மைகள். 'லூர்' என்கிறார்கள். பொய் இரை. ரப்பர் தவளை, மரத்தவளை, பிளாஸ்டிக் மீன், வால் ஆட்டும் புழு, தகடு சுழலும் கம்பி... கடையில் போய் நின்றால் நகைக்கடை மாதிரி கண் கூசும்.

அந்த பைக்கில் போகிறவர்களில் ஒருவராக நீங்களே இருக்கலாம். உங்களோடுதான் எனக்கு வழக்கு.

லூருக்கு நான் எதிரி இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மனித மூளையின் அழகான குறும்புகளில் அது ஒன்று. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மரத்தில் தவளை செதுக்கினார். பின்லாந்தில் லௌரி ராப்பாலா என்ற ஏழை மீனவர், கூட்டத்தில் கொஞ்சம் கோணலாக நீந்தும் மீனைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்பதைக் கவனித்து, 1936-ல் கார்க்கைச் செதுக்கி ஒரு பொய்மீன் செய்தார். பளபளப்புக்கு சாக்லெட் சுற்றிய தகரத்தாள். மேல்பூச்சுக்கு போட்டோ நெகட்டிவை உருக்கித் தடவினார். இன்றைக்கு அவர் பெயரில் உலகம் முழுக்க விற்கிறார்கள். கவனிப்பும் கைவேலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சட்டென்று தோன்றவில்லை.

இந்த லூர் வியாபாரம் இவ்வளவு பெருத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் 'பாஸ்' என்ற அமெரிக்க ஏரி மீன். பெரிய வாய், பெரிய கோபம். 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி பத்து கிலோ பாஸ் ஒன்றைப் பிடித்தார். அந்தச் சாதனையை எட்டிப்பிடிக்க 77 வருஷம் ஆயிற்று: 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா. இடைப்பட்ட காலத்தில் விற்ற லூர்களை அடுக்கினால் நார்த்தாமலை உயரத்துக்கு வந்திருக்கும்.

புதுக்கோட்டைக் கண்மாய்களில் பாஸ் கிடையாது. (மணமேல்குடிக் கடலில் கொடுவா உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்று பெயர். பெயரில்தான் ஒற்றுமை.) கண்மாயில் பாஸின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது விரால். குணம் அப்படியே. ஆம்பல் இலைக்கு அடியில் அசையாமல் கிடக்கும். மேலே தவளை ஓடினால் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து அடிக்கும். அதனால்தான் பாஸுக்குச் செய்த ரப்பர் தவளை நம் ஊர் விராலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

கடைக்காரர் சொல்லாத சிலதைச் சொல்கிறேன். பாசியும் இலையும் மண்டிய கண்மாய்க்கு உள்ளே காற்றடைத்த ரப்பர் தவளை போதும். அதன் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், பாசியில் மாட்டாது. மீன் கவ்வினால்தான் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். அதனால் அடித்த மாத்திரத்தில் ராடை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஒன்று, இரண்டு எண்ணி இழுங்கள். திறந்த தண்ணீரென்றால் தகடு சுழலும் ரகம். மூன்று முள் தொங்கும் பிளாஸ்டிக் மீன்களை கண்மாய்க்குக் கொண்டுவரவே வேண்டாம். பாசியை அறுவடை செய்யலாம், அவ்வளவுதான். நிறம்? விராலைவிட உங்களை ஈர்ப்பதற்காகத்தான் அத்தனை நிறங்களும். கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று வைத்துக்கொண்டு மிச்சக் காசில் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போங்கள்.

இன்னொன்றும் ரப்பர் தவளைக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழைய வழக்கம், உயிருள்ள தவளையை முள்ளில் குத்தி விடுவது. வயல் பூச்சிகளைத் தின்று வாழும் அந்தப் பிராணிகளை நாம் படுத்தியபாடு கொஞ்சமல்ல. வெளிநாட்டுத் தட்டுகளுக்குத் தவளைக்கால் அனுப்பி அனுப்பி, கடைசியில் 1987-ல் ஏற்றுமதியையே தடை செய்ய வேண்டியதாயிற்று. ரப்பருக்கு வலிக்காது. நல்ல மாற்றம். சபாஷ்.

இனிதான் வழக்கு.

மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்ததும் விரால் ஜோடி சேரும். கரையோரம் ஆழமில்லாத இடத்தில் பாசியை விலக்கி வட்டமாக ஒரு இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டை மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்து குஞ்சு வரும். செங்கல் நிறத்தில் நூற்றுக்கணக்கில், ஒரே பந்தாகத் திரண்டு நகரும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டிய ஜாதி. குஞ்சுகளும் கொஞ்சம் வளர்ந்ததும் கூட்டமாக மேலே வந்து காற்றுக் குடிக்கும். அந்த இடம் மட்டும் தூறல் விழுகிற மாதிரி பொரியும். அதற்கு நேர் கீழே, ஒரு முழம் தள்ளி, காவலுக்குப் பெரிய விரால். வாரக்கணக்கில் இந்தக் காவல். கெளுத்தி வந்தாலும் அடிக்கும், பாம்பு வந்தாலும் பாயும்.

வீடியோக்களில் 'மாஸ் டெக்னிக்' என்று போடுகிறார்களே, அது இதுதான். தூறலைத் தேடு. தாண்டி எறி. அதன் நடுவே தவளையை இழு. முதல் தடவை வராவிட்டால் மறுபடி இழு. நாலாவது, ஐந்தாவது தடவையில் தாய் பொறுமை இழந்து அடித்துவிடும்.

கவனியுங்கள். அது பசியில் அடிக்கவில்லை. பிள்ளைகளின் நடுவே ஒரு திருடன் புகுந்துவிட்டான் என்று அடிக்கிறது. லூர் என்றால் இரை மாதிரி நடித்து மீனை ஏமாற்றுவது. அதில் ஒரு ஆட்டம் இருக்கிறது, மீனுக்கு மாட்டேன் என்று சொல்ல வழி இருக்கிறது. இங்கே அந்த வழி இல்லை. பெற்றதற்காக மாட்டிக்கொள்கிறது. இதில் டெக்னிக் எங்கே வந்தது? பள்ளிக்கூட வாசலில் நின்று குழந்தையை மிரட்டினால் அப்பன் ஓடிவரத்தான் செய்வான். அவனைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வதற்குப் பெயர் வீரமா?

அமெரிக்காவிலும் இதே கூத்து உண்டு. பாஸில் அப்பன்தான் கூட்டைக் காக்கும். அதன் கூட்டுக்குள் போடுவதற்கென்றே பிளாஸ்டிக் பல்லி விற்கிறார்கள். ஏன் பல்லி? முட்டை தின்னும் பல்லி மாதிரியான நீர்ப் பிராணிகள் அங்கே உண்டு. திருடன் வேஷத்திலேயே லூர்! ஆனால் அங்கே இதை எதிர்த்து மீன்காரர்களே சண்டை போடுகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் பாஸ் கூடு கட்டும் வசந்தத்தில் அதைப் பிடிக்கவே கூடாது, ஜூன் பாதி தாண்டித்தான் அனுமதி. டொராண்டோவில் இருக்கும் நம் தமிழர்களைக் கேளுங்கள், லைசென்ஸும் கையுமாகத் தேதி எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

"நாங்கதான் ரிலீஸ் பண்ணிடறோமே சார்" என்பீர்கள். தெரியும். பிடித்து விடும் பழக்கம் நல்ல பழக்கம்தான். பாஸ் போட்டிகள் நடத்திய ரே ஸ்காட் 1972-ல் அதை ஆரம்பித்து வைத்து லட்சக்கணக்கான மீன்களின் உயிரைக் காப்பாற்றினார். விரால் சட்டென்று சாகாது என்பதும் வாஸ்தவம். ஈரச்சாக்கில் சுற்றி வைத்தாலும் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும், சந்தையில் அண்டாவில் துள்ளுவதைப் பார்த்ததில்லையா? நீங்கள் பார்க்காதது, மீன் உங்கள் கையில் இருக்கும் அந்த ஐந்து நிமிஷம் தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதை.

ஒரு கார்த்திகை மாதம், சித்தன்னவாசல் போய்த் திரும்பும்போது நான் பார்த்தேன். அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரை. இரண்டு பையன்கள், நல்ல பையன்கள்தான், செங்கல் நிறக் கூட்டத்துக்கு நடுவே மாற்றி மாற்றித் தவளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கத்தினார்: "ஏப்பு, அது குஞ்சு மேய்க்குதுப்பு. விட்டுட்டு அங்கிட்டுப் போய்ப் போடுங்க."

"விட்டுருவோம் தாத்தா, சும்மா போட்டோவுக்குத்தான்."

அடித்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். முள்ளை எடுக்க இடுக்கி தேடினார்கள். ஒருத்தன் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ, இன்னொருத்தன் பிடித்துக்கொண்டு ஒன்று, வெயிலுக்கு எதிர்த்திசையில் திரும்பி இன்னொன்று. கரையோரம் தண்ணீர் அதற்குள் வேறு விதமாகப் பொரிய ஆரம்பித்துவிட்டது. ஜிலேபிக் கெண்டைகள் வந்துவிட்டன. ஒரு நீர்க்காகமும் இறங்கியது. மீனை மரியாதையாகத்தான் தண்ணீரில் விட்டார்கள். அது போன திசையில் சிவப்பாக ஒன்றும் தெரியவில்லை.

பெரியவர் ஒன்றும் பேசாமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சற்று முன்தான் குகைக்கோயிலில் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அந்த விதானத்தில் ஒரு தாமரைக்குளம் இருக்கிறது. யானை, மாடு, அன்னம், இலைகளுக்கு நடுவே மீன்கள். மனிதர்கள் பூப் பறிக்கிறார்கள். யார் கையிலும் தூண்டில் இல்லை. சமணர் குளம், இருக்காதுதான்.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்பதும் தெரியும். "ஊர்க்காரங்க மீன்பிடி திருவிழான்னு ஆயிரம் பேர் இறங்கி மொத்தமா அள்றாங்களே, அதைக் கேட்க மாட்டீங்களா?"

கேட்க மாட்டேன். புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் வானம் பார்த்தவை. திருவிழா நடப்பது கோடையில், அறுவடை முடிந்து, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய பிறகு. ஊர்ப் பெரியவர் வெள்ளைத்துண்டை வீசும்வரை ஒருவரும் கால் வைக்க முடியாது. வீசியதும் ஊத்தாவும் வலையும் கையுமாக மொத்த ஊரும் இறங்கும். விரால் ஒருவருக்கு, கெளுத்தி ஒருவருக்கு, சேறு எல்லோருக்கும். விடாமல் வைத்திருந்தால் அந்த மீன் வெயிலில் காய்ந்து கருவாடாகியிருக்கும். தப்பித்த விரால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை வந்ததும் எழுந்து வரும். அந்த எழுந்து வந்த மீனின் முதல் குடும்பத்தைத்தான் நீங்கள் கார்த்திகையில் போய்க் கலைக்கிறீர்கள். அவர்கள் களத்து நெல்லை எடுக்கிறார்கள். நீங்கள் நாற்றைப் பிடுங்குகிறீர்கள்.

இதே மாவட்டத்தில் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அங்கே விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய தடைக்காலம், இப்போது 61. மீன் இனம் பெருகட்டும் என்று. அரசு தரும் நிவாரணம் அடுப்பெரியப் போதாது என்று அவர்கள் முணுமுணுப்பது நியாயம். ஆனாலும் கட்டிப் போடுகிறார்கள். மீனை நம்பி வயிறு வளர்க்கிறவன் இரண்டு மாதம் சும்மா இருக்கிறான். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய்விடப்போகிற உங்களுக்கு ஒரு தூறலைத் தாண்டிப் போக முடியவில்லையா?

சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடையாளம் ரொம்ப சுலபம். தனி விரால் மேலே வந்தால் 'ப்ளக்' என்று ஒரே ஒரு சத்தம், ஒரு வட்டம், அவ்வளவுதான். அது தனிக்கட்டை. தாராளமாக அங்கே எறியுங்கள், அது பசியிருந்தால் வரும், இல்லாவிட்டால் உங்களைக் கேலி செய்துவிட்டுப் போகும். தூறல் மாதிரி பொரிந்தால் ரீலைச் சுற்றுங்கள், நூறடி தள்ளிப் போங்கள். குத்தகைக்காரரிடமோ ஊரிலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எறிவது நல்லது. அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள், கொக்கின் காலில் சுற்றும்.

மழைக்காலத்தில் கை அரித்தால் ஜிலேபி இருக்கிறது. 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், இன்று எந்தக் கண்மாயிலும் அதுதான் பெரும்பான்மைக் கட்சி. எவ்வளவு பிடித்தாலும் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள், வறுத்தால் நன்றாகவே இருக்கும். அதுவும் பிள்ளை காக்கும் மீன்தானே என்று மடக்குவீர்கள். ஆமாம், தாய் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். ஆனால் வாய் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது அது இரை தேடாது, அதனால் உங்கள் முள்ளுக்கும் அநேகமாக வராது. சின்ன முள், கொஞ்சம் மைதா உருண்டை போதும். லூர் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.