நாலு நிமிஷக் கப்பல்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் மனசுக்குள் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுத ஆரம்பித்துவிடுவான். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். 'மனைவியை வெளியூர் அழைத்துப் போன வகையில்' என்ற தலைப்பில் இருந்த ஒரே பதிவு, திருநீர்மலையிலிருந்து குரோம்பேட்டைக்குப் போய்ப் புடவை எடுத்தது.

அப்படிப்பட்டவனிடம் போன வருஷம் ஒரு சாயங்காலம் சகதர்மிணி சொன்னாள்: "ஏங்க, வண்டியிலேயே குடித்தனம் பண்ணிக்கிட்டு ஊர் சுத்தணும். வழியில வண்டியோட கப்பல்ல ஏறித் தண்ணியத் தாண்டணும்."

என்ன சிரிக்கிறீர்கள்? நான் சிரிக்கவில்லை. அவள் கேட்ட நேரம் அப்படி. பத்து நாள் முன்னால் அவள் செல்போனுக்கு சார்ஜ் போடப்போனபோது ஒரு மெயிலின் முதல் இரண்டு வரி கண்ணில் பட்டுவிட்டது. பாங்கில் பிரமோஷன். கூடவே கோயம்புத்தூருக்கு மாற்றல். அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு வாய்ப்பு வந்தபோது, "பொண்டாட்டி வேலைக்குப் பின்னால பெட்டி தூக்கிட்டுப் போறான்னு ஊர் பேசும்" என்று உபதேசம் செய்த மகான் சாட்சாத் நான்தான். இத்தனைக்கும் என் தொழிலுக்கு வேண்டியது ஒரு மேஜை, ஒரு டீ, கடைசித் தேதியைத் தள்ளிப்போட ஒரு பொய். மூன்றுமே கோயம்புத்தூரிலும் கிடைக்கும்!

எங்கள் ஊர்க் கதை தெரியுமோ? திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளமாம். வடியட்டும் என்று ஆறு மாசம் காத்திருந்து சேவித்தாராம். அதனால்தான் நீர்மலை என்பார்கள். அவர் பெருமாளைப் பார்க்கக் காத்திருந்தார். நானோ, பேச வேண்டிய விஷயம் எதுவானாலும், 'தண்ணீர் வடியட்டும்' என்று அதைப் பார்க்காமலிருக்கக் காத்திருப்பேன்.

சரி, கப்பலையாவது தேடுவோம் என்று இறங்கினேன். கன்னியாகுமரியில் பூம்புகார் கழகப் படகு விவேகானந்தர் பாறைக்குப் போகிறது, மனிதர்கள் மட்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், அதுவும் ஆட்களுக்குத்தான். 1914-ல் தொடங்கிய போட் மெயிலில் எழும்பூரில் ஏறி தனுஷ்கோடியில் கப்பல் மாறி தலைமன்னாரில் இறங்கியிருக்கலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. கடைசியில் அகப்பட்டது கொச்சி. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே, காயல் கடலில் கலக்கும் வாயில், வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறது ஒரு படகு. அந்த ஊரில் அதற்குப் பெயர் ஜங்கார்.

அடுத்த பிரச்சினை வண்டி. கேரவன் என்றால் நமக்குத் தெரிந்தது ஷூட்டிங்கில் கதாநாயகி ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கும் பஸ். அதன் ஒரு நாள் வாடகையைக் கேட்டபோது என் இடது பக்கப் பற்று, வலது பக்கத்துக்கும் வழிந்தது. மச்சினனின் மாருதி ஆம்னிதான் கைகொடுத்தது. ஆம்னி தயாரிப்பதைக் கம்பெனியே 2019-ல் நிறுத்திவிட்டது. மச்சினன் ஓட்டுவதை நிறுத்தவில்லை. பின்னால் பலகை போட்டு, பவானி ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்கு மனைவியின் பழைய புடவையில் திரை போட்டோம். கேரவன் ரெடி!

எங்கள் ஊரில் பெருமாள் நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று நாலு கோலத்தில் தரிசனம் தருகிறார். ஆம்னிக்குள் இருக்கலாம், கிடக்கலாம். நிற்க முயன்றதற்கு மண்டையில் இன்னும் புடைப்பு இருக்கிறது. நடப்பது வண்டியின் பொறுப்பு.

திருச்சி, மதுரை, கன்னியாகுமரி, திருவனந்தபுரம், ஆலப்புழை. ராத்திரி பெட்ரோல் பங்க்கில் கெஞ்சிக் கூத்தாடி ஓரமாக நிறுத்தித் தூக்கம். காலையில் புளியமர நிழலில் குட்டி ஸ்டவ், உப்புமா. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, ஒன்றைத் தவிர. வீட்டில் பேச்சு வம்பான திசைக்குத் திரும்பினால் சட்டையை மாட்டிக்கொண்டு முக்கு டீக்கடைக்குப் போய்விடுவேன். ஆம்னியில் எங்கே போவது? ஆலப்புழை தாண்டியதும் அவள் "ஏங்க..." என்று ஆரம்பித்தாள். நான் வைப்பரைப் போட்டேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஃபோர்ட் கொச்சி. மீன்பிடிக்கும் சீன வலைகள் ஒரு பக்கம், வரிசையில் வண்டிகள் ஒரு பக்கம். முன்பு லொடலொடத்த ஜங்கார் ஓடிய இடத்தில், 2018 ஏப்ரலிலிருந்து கொச்சின் ஷிப்யார்டு கட்டிய 'சேது சாகர்' என்ற ரோ-ரோ கப்பல்கள் ஓடுகின்றன. ரோ-ரோ என்றால் பெரிய ரகசியம் இல்லை: ஒரு முனையில் உருட்டிக்கொண்டு ஏறி மறுமுனையில் உருட்டிக்கொண்டு இறங்குவது. ரிவர்ஸ் கியருக்கு வேலையே கிடையாது. பாலங்கள் வழியாகச் சுற்றினால் சுமார் 15 கிலோமீட்டர். தண்ணீரில் நாலு நிமிஷம்!

ஏறினோம். ஒரு பக்கம் மீன் லாரி, மறுபக்கம் கல்யாணக் கார். கதவைத் திறக்கக்கூட இடமில்லை. ஹாண்ட் பிரேக்கைப் போட்டு எஞ்சினை அணைத்தேன். ஐந்து நாளில் முதல் தடவையாக என் கையில் ஸ்டியரிங்கும் இல்லை, தப்பிக்கச் சாக்கும் இல்லை. வண்டி தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"கோயம்புத்தூருக்கு எப்ப ஜாயின் பண்ணணும்?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள்.

"மெயிலப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"கிளம்பறதுக்கு முன்னாடியே."

"நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கலை. முடியாதுன்னு லெட்டர் டைப் பண்ணி வெச்சிருக்கேன். ஊருக்குப் போனதும் அனுப்பணும்." குரல் தழுதழுத்தது. "ரெண்டாவது தடவை வேணாம்னா, மூணாவது தடவை கேக்க மாட்டாங்க."

மீன் லாரி டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அனுப்பாதே," என்றேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. பெட்டி தூக்கறது என்ன, பெட்ரோலும் நானே போடறேன்."

பதிலுக்கு அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வைப்பின் வந்துவிட்டது. பின்னாலிருந்து பதினோரு வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

செராய், பரவூர், திருச்சூர், பாலக்காடு வழியாகத் திரும்பினோம். கோயம்புத்தூரில் நிறுத்தி, 'வாடகைக்கு' என்று போர்டு தொங்கிய நாலு வீட்டை ஏறி இறங்கிப் பார்த்தோம். அவள் சமையலறையைப் பார்த்தாள். நான் முக்கில் டீக்கடை இருக்கிறதா என்று பார்த்தேன்... பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா ஸார்?

மிச்சமிருந்தது அம்மா. இந்த வயசில் ஊரை விட்டு எப்படி வருவாள், யார் சொல்வது என்று சேலம் வரைக்கும் எனக்கு ஒரே கலக்கம். வழக்கம்போல 'தண்ணீர் வடியட்டும்' என்று நினைத்தேன். வீட்டு வாசலில் வண்டி நின்றதுமே மனைவி போட்டு உடைத்துவிட்டாள்.

அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு பரணைக் காட்டி, "அந்த டிரங்குப் பெட்டிய எறக்குடா" என்றாள். "அங்க சிறுவாணித் தண்ணியாமே!"