பானை காலியானால் பாவமா?

நமது வீடுகளில் அரிசிப் பானை காலியாவதை ஒரு பெரிய அபசகுனமாகக் கருதுகின்ற வழக்கம் இன்னமும் ஒழிந்தபாடில்லை. அரிசி தீர்ந்து போனாலும் "தீர்ந்து விட்டது" என்று சொல்லக் கூடாதாம். "நிறைந்திருக்கிறது" என்று சொல்ல வேண்டுமாம். வெள்ளிக்கிழமையில் பானையைக் கவிழ்க்கக் கூடாதாம். அடியில் ஒரு படி அரிசியாவது கிடக்க, அதன் தலைமேலேயே புது அரிசியைக் கொட்ட வேண்டுமாம். தவறினால் லட்சுமி கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவாளாம். இத்தனை "வேண்டுமாம்", "கூடாதாம்"களுக்கும் காரணம் என்னவென்று கேட்டால், "எங்கள் பாட்டி சொன்னாள்" என்பதற்கு மேல் யாரிடத்திலும் பதில் கிடையாது.

அந்த அடிப் படி அரிசியில் லட்சுமி குடியிருக்கிறாளோ இல்லையோ, வேறு யார் குடியிருக்கிறார்கள் என்பது கண்ணுள்ளவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாகும். அரிசி வண்டு என்பது மணியை வெளியிலிருந்து கொறித்து விட்டுப் போகிற ஜீவனல்ல. பெண் வண்டு மணியில் துளை போட்டு, உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்து விடுகிறது. புழு உள்ளுக்குள்ளேயே தின்று வளர்ந்து, நமது நாட்டு உஷ்ணத்தில் சுமார் ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வருகிறது. ஒரு வண்டு தன் ஆயுளில் நூற்றுக்கணக்கான முட்டை இடக் கூடியது. ஆகவே அடியில் பழைய அரிசியை விட்டு வைத்து மேலே புதியதைக் கொட்டுவதென்பது, வண்டுக் கூட்டத்துக்கு மாதந் தவறாமல் படியளந்து வருவதேயன்றி வேறல்ல. பானையைக் கவிழ்த்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, புதியதை அடியிலும் பழையதை மேலேயும் போடுகிறவளுக்குச் செலவு ஒரு நாழிகை நேரந்தான். அந்த ஒரு நாழிகையைத்தான் சாஸ்திரத்தின் பேரால் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லுவதால் நாம் சேமிப்புக்கு விரோதிகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டியதில்லை. தானியத்தைச் சேர்த்து வைக்க வேண்டுமென்ற பயம் நமது ஜனங்களுக்குச் சும்மா வந்ததல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சோப லட்சம் பேரை வாரிக்கொண்டு போன பஞ்சத்தை, தாது வருஷப் பஞ்சமென்று இன்றைக்கும் கிராமத்தில் சொல்லக் கேட்கலாம். 1943-ல் வங்காளத்தில் வியாபாரியின் கிட்டங்கியில் அரிசி இருக்க, தெருவில் ஜனங்கள் செத்துக் கிடந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2020 மார்ச் 24-ந் தேதி இரவு தேசம் முழுவதையும் 21 நாளைக்கு அடைத்து வைப்பதாக உத்தரவு போட்டபோதும், வீட்டில் பதினைந்து நாள் அரிசி பருப்பு உள்ளவன் நிம்மதியாயிருந்தான். அன்றாடம் வாங்கித் தின்கிறவன் தவித்தான். எனவே, கையிருப்பு என்பது மனிதனுக்கு அவசியமே. ஆனால் எதை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேட்கிற புத்தியும் அதோடு கூட இருக்க வேண்டாமா என்பதுதான் நமது கேள்வி.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு மாதம் 25 கிலோ சிப்பம் ஒன்று ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்காரர் முன்ஜாக்கிரதைக்காரர். எப்போதும் ஆறு சிப்பம் இருப்பில் இருக்க வேண்டும் என்பவர். மாதம் ஒன்று எடுக்கிறார். மாதம் ஒன்று வாங்கி அடுக்குகிறார். ஒழுங்காகப் பழையதை முதலில் எடுக்கிறவராகவே இருந்தாலும், அவர் வீட்டில் என்றைக்கும் உலையில் விழுவது ஆறு மாதத்துக்கு முந்தின அரிசிதான். அரிசியைப் பொறுத்த வரை இதில் நஷ்டமில்லை. புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரியாக நின்று சோறு காணும் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே மனிதர் அதே புத்தியைத் துவரம் பருப்பிலும், மிளகாய்த் தூளிலும், காப்பித் தூளிலும், நல்லெண்ணெயிலும், கோதுமை மாவிலும் காட்டுகிறார். அதன் பலன் என்ன? கடையிலிருந்து புதிய சாமானைப் புதிய சாமானின் விலை கொடுத்து வாங்கி, ஆறு மாதம் பூட்டி வைத்து, மணமும் ருசியும் போக்கி, பிறகு தின்கிறார். இப்படி ஒரு மாதமல்ல, ஆயுள் முழுவதும் தின்கிறார். நடுவில் ஒரே ஒரு தடவை, நாலைந்து மாதம் வாங்காமலிருந்து இருப்பை ஒரு மாத அளவுக்கு இறக்கிவிட்டாரானால், அதற்குப் பிறகு அதே செலவில் என்றைக்கும் புதியதாகவே சாப்பிடலாம். ஆனால் அலமாரி காலியாகத் தெரிந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலை அவரை விடுகிறதில்லை!

உண்மையில் நமது கிராமத்துக் கிழவிகளில் புத்தியுள்ளவர்கள் இந்தப் பேதத்தை நன்றாக அறிந்துதான் இருந்தார்கள். பத்தாயத்திலும் குதிரிலும் அவர்கள் சேர்த்து வைத்தது நெல்லை. உமி மணிக்குக் கவசம். உமி இருக்கும் வரை பூச்சிக்கும் கஷ்டம், கெடுதலும் குறைவு. வேண்டியபோது வேண்டிய அளவே குத்தினார்கள். தவிடு போகாத கைக்குத்தல் அரிசியைக் குத்தி நெடுநாள் வைத்தால் தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். புளியை உப்புச் சேர்த்துப் பானையில் அமுக்கினார்கள். சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் போட்டார்கள். ஆனால் கீரையை யாரும் சேமித்ததில்லை. காலையில் பறித்ததை அன்று மத்தியானமே கடைந்தார்கள். இட்லி மாவைப் பாருங்கள்: முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கு மேல் புளித்தால் ஊத்தப்பமோ பணியாரமோ. ஒரே மாவு எந்த நாளில் எதற்கு லாயக்கு என்று கண்டுபிடித்தவளுக்கு எந்த வேதம் சொல்லிக் கொடுத்தது? அடுப்படியில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைச் சடங்கை மாத்திரம் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது இந்தக் கூத்துக்குப் புதிதாக ஒரு பெட்டி வேறு வந்து சேர்ந்திருக்கிறது. பிரிட்ஜ் என்பது நல்ல சாதனம். நாம் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஜனங்கள் அதையும் ஒரு தெய்வமாக்கி விட்டார்கள். உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் எதுவும் கெடாதென்று நம்புகிறார்கள். குளிர்ச்சி கிருமியைக் கொல்லுகிறதில்லை. அதன் வேகத்தைத்தான் குறைக்கிறது. வடித்த சோற்றையும் வைத்த குழம்பையும் பகலெல்லாம் மேடையில் ஆற விட்டு, ராத்திரி உள்ளே தள்ளினால், வளர வேண்டிய கிருமி வளர்ந்த பிறகு அதற்கு ஐஸ் வைத்ததாகத்தான் ஆகும். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டிய பண்டத்தை, வாரக் கணக்கில் பின்வரிசைக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் யார் வைத்த கிண்ணம் என்றே தெரியாமல் விழிக்கிறார்கள். 2015 வெள்ளத்தில் மின்சாரம் நின்றதும் அந்தப் பெட்டி வெறும் அலமாரியாயிற்று. அப்போது உதவியவை அவலும், பொட்டுக்கடலையும், வெல்லமுந்தான். (பழைய சோற்றையும் கண்டிக்கிறீர்களா என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். இல்லை. தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி புளிக்க வைத்த சோறு வேறு. மூன்று நாள் ஊசிப்போன சாம்பார் வேறு. முன்னதில் புளிப்பே காவலாக நிற்கிறது.)

நிற்க, இதற்கெல்லாம் ஒரு பெரிய சமாதானம் சொல்லுவார்கள். "ஒரு பருக்கையைக் கூட வீணாக்கக் கூடாது, அதனால்தான் பழையதைத் தின்கிறோம்" என்பார்கள். வீணாக்கக் கூடாது என்பது வாஸ்தவமே. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2022 என்கிற ஒரே வருஷத்தில் உலகத்தில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 100-க்கு 60 பங்கு வீணானது கல்யாண மண்டபத்திலோ ஓட்டலிலோ அல்ல, வீடுகளில். ஆனால் ஒரு சாமான் எப்போது வீணாகிறது? குப்பையில் கொட்டுகிற தினத்திலா? தேவையில்லாமல் வாங்கிய தினத்திலேயே அது பாதி வீணாயிற்று. பசிக்கு மேல் உலை வைத்த வேளையில் மீதியும் வீணாயிற்று. அதற்குப் பிறகு கெட்டுப் போனதை எடுத்து விழுங்குவதால் அது மீண்டு வரப் போவதில்லை. நமது வயிறு குப்பைத் தொட்டியாவதும், டாக்டருக்குப் பணம் போவதும்தான் மிச்சம்.

அதிலும் யாருடைய வயிறு குப்பைத் தொட்டியாகிறது என்று கவனித்தால்தான் இதன் அக்கிரமம் முழுவதும் விளங்கும். வீட்டு எஜமானருக்குச் சுடுசோறு. ஆண்பிள்ளைகளுக்குச் சுடுசோறு. நேற்றைய குழம்பும், முந்தாநாள் பொரியலும், காய்ந்த இட்லியும் வீட்டு அம்மாளுக்கு. அவளும் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளிக்கிற நிலைக்கு வந்துவிட்டால், அது வேலைக்காரிக்கு. அப்படிக் கொடுப்பதற்குப் பெயர் தர்மம்! நேற்று நல்ல நிலையில் இருந்தபோது கொடுத்திருந்தால் அவள் பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்கும். நேற்றுக் கொடுக்க மனம் வரவில்லை. "நாளைக்கு நமக்கு ஆகும்" என்று தோன்றிற்று. இன்றைக்கு நமக்கு ஆகாதென்று தெரிந்த பிறகு, ஏழைக்கு மாத்திரம் ஆகும் என்று எந்த வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது? ஏழையின் குடல் இரும்பாலா செய்யப்பட்டிருக்கிறது? தான் தின்னத் தகாதென்று ஒதுக்கியதை இன்னொரு மனிதனுக்குப் புண்ணியமென்று நீட்டுகிறவன், அந்த மனிதனை மனிதனாகவே மதிக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். வீட்டுப் பெண்ணுக்கும் இது பொருந்தும். மிச்சத்தைத் தின்பது பெண்ணின் லட்சணம் என்று பிரசங்கம் செய்கிற ஆண்களில், மிச்சத்தைத் தன் இலையில் போடச் சொல்லிக் கேட்டவர் எத்தனை பேர்?

கெட்டுப்போனதை ஏழை தின்றால் என்ன ஆகும் என்பதற்கு வெறும் வாதம் வேண்டியதில்லை. 1974-ல் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் அடுத்தடுத்த ஜில்லாக்களில் 150-க்கு மேற்பட்ட கிராமங்களில், பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளம் சரியாக உலராமல் வீட்டில் சேர்க்கப்பட்டுப் பூசணம் பூத்தது. வேறு தானியம் இல்லாத ஏழைக் குடியானவர்கள் அதையே வாரக் கணக்கில் தின்றார்கள். ஈரல் கெட்டுக் காமாலை கண்டவர்கள் 397 பேர். செத்தவர்கள் நூறு பேருக்கு மேல். அந்த வீட்டுச் சோற்றைத் தின்ற நாய்களும் செத்தன. இந்தப் பூசண விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில், கெட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகம் இதை அறிந்தது. வண்டு விழுந்த அரிசியைப் புடைத்துக்கொள்ளலாம். பூசணம் பிடித்த கடலையையோ சோளத்தையோ கழுவினாலும் வறுத்தாலும் வேகவைத்தாலும் விஷம் போகாது. ஈரமுள்ள தானியத்தைக் குதிரில் போடுகிறவனுக்கு எந்த நல்ல முகூர்த்தமும் துணை வராது.

சர்க்கார் மட்டும் புத்திசாலிகளா என்றால், அதுவும் இல்லை. டெல்டாவில் அறுவடைக் காலத்தில் மழை வந்தால், நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்த நெல் நனைந்து முளைவிட்டுக் கிடப்பதை விவசாயத் தோழர்கள் பார்த்திருக்கிறார்கள். 2010-ல் மத்திய சர்க்கார் கிடங்குகளிலும் வெட்ட வெளியிலும் தானியம் அழுகுவதைக் கண்டு, அழுக விடுவதை விட ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. உணவு மந்திரி அதை வெறும் யோசனை என்று எண்ணிக்கொண்டார். அது யோசனையல்ல, உத்தரவு என்று கோர்ட்டார் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டியின் பானைக்கும் சர்க்காரின் கிடங்குக்கும் உள்ள வித்தியாசம் அளவில்தான். நல்லதாயிருக்கும்போது கொடுக்க மனம் வராத குணம் இரண்டிலும் ஒன்றே. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகவே கிடைத்து வருகிறது. தெருவுக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. தாது வருஷத்துப் பாட்டிக்கு இவ்விரண்டும் இல்லை. அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. அவளுடைய பேரனின் பேரன், ஒரு மாதச் சாமானுக்கு மேல் எதற்காக அடுக்கி வைத்துக் காவல் காக்கிறான்?

ஆதலால் வருகிற வெள்ளிக்கிழமையே, அதுவும் விளக்கு வைத்த பிறகே, பானையை முற்றத்தில் கவிழ்த்துப் பார்க்கும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். இந்த வேலையை ஆண்கள் செய்யட்டும். பெண்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். வெளியே ஓடியது லட்சுமியா, வண்டா என்று நமக்கு எழுதினால், வந்த கடிதங்கள் அத்தனையையும் பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.